விளக்கெண்ணெய் வாசனையில் போன 850 டாலர்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மார்ச்சில் 850 டாலர் விலை, 140 டாலர் அனுப்பும் செலவு கொடுத்து, தெற்கே ஒரு மாநிலத்திலிருந்து ரேடியோவால் ஓட்டும் ஒரு பழைய ‘க்யூராரே’ மாடல் விமானம் வாங்கினேன். எஞ்சின், மடங்கும் சக்கரம் எல்லாம் மாட்டி, ‘பெட்ரோல் ஊற்றினால் பறக்கும்’ என்று சொல்லி விற்றார்கள். (பெட்ரோல் அல்ல, மெத்தனால். விற்றவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.) வந்தது பறக்க லாயக்கில்லாத ஒன்று. பணம் திரும்பவில்லை, இனி வரவும் வராது.

க்யூராரே தெரியாதவர்களுக்காக: ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் 1977-இல் ரேடியோ கட்டுப்பாட்டு வித்தை விமானங்களுக்கான உலகப் போட்டியை வென்றது இந்த வடிவத்தில்தான். அந்தப் போட்டி நடந்தது ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில். நான் இருக்கும் கொலம்பஸிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். அதனாலேயே இந்த விமானத்தின் மேல் எனக்கு ஒரு கிறுக்கு. இன்றைய போட்டி விமானங்கள் ஒரு வித்தை முடிந்த இடத்திலேயே திரும்பி அடுத்ததைத் தொடங்கும். அந்த முறை 80-களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முந்தையவை வேறு சாதி. 10 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், நீளமான சைலன்சர் குழாய், சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீறல். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

விற்றவர் நன்றாகப் பேசினார். அப்பா 80-களின் தொடக்கத்தில் வரைபடத்தை வைத்துக் கட்டியதாம். அவர் இறந்து மூன்று வருடமாம். ‘மதிப்புத் தெரிந்தவர் கையில் போய்ச் சேர வேண்டும்’ என்றார். மதிப்புத் தெரிந்தவர் என்று ஒருவன் சொன்னால் நமக்கு எங்கே மூளை வேலை செய்கிறது? எட்டுப் படம் அனுப்பினார், அப்புறம் ஒரு வீடியோ. விற்பனைக் கட்டணம் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவது மாதிரி பணத்தை அனுப்பிவிடுங்கள், முப்பது டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அனுப்பினேன். 850 என்பது அந்த முப்பது போக மீதி. அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பெட்டியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. அந்தக் கால எரிபொருளில் மெத்தனாலோடு விளக்கெண்ணெய்தான் கலப்பார்கள். எஞ்சின் எவ்வளவு சூடானாலும் அது உராய்வைத் தாங்கும். திருநெல்வேலியில் வயிறு சுத்தம் பண்ண ஆச்சி என் வாயைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய். இங்கே மைதானத்தில் முதன்முதலில் ஒரு பழைய எஞ்சினின் புகையை முகர்ந்தபோது ஆச்சி ஞாபகம்தான் வந்தது. இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஒட்டிக்கொண்டதே அப்படித்தான். அதனால் பெட்டியிலிருந்து வந்த வாசனையை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏங்க, இதுக்கா ஆயிரம் டாலர்? செக்குல போட்டு எடுத்த மாதிரி நாறுதே” என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் சரியான ஆய்வறிக்கை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் கண்ணில் பட்டது வால். க்யூராரேவின் கிடைவால் இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தூரத்திலிருந்தே அதை வைத்துத்தான் விமானத்தின் பெயரைச் சொல்வோம். என் கைக்கு வந்ததில் வால் தட்டையாக, பலகை மாதிரி இருந்தது. எப்போதோ விழுந்து வால் உடைந்து, கையில் கிடைத்த வேறொரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். திரும்பப் போய்ப் படங்களைப் பார்த்தேன். எட்டுப் படமும் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ எடுத்தவை. பின்னாலிருந்து ஒன்றுகூட இல்லை.

அடுத்து தராசில் வைத்தேன். மூன்றரைக் கிலோ என்று சொல்லியிருந்தார். எரிபொருள் இல்லாமலே நான்கு கிலோ நானூறு கிராம். பழுதுபார்த்த இடங்களில் எல்லாம் புட்டி, அதன் மேல் தடியாகப் புது பெயின்ட். வாலில் ஏறிய எடையைச் சரிக்கட்ட மூக்குக்குள் ஈயக்கட்டி. இந்த எடையோடு தரையிறங்கினால் இறங்குவதாக இருக்காது, விழுவதாகத்தான் இருக்கும்.

அப்போதும் எனக்கு ஆசை விடவில்லை. எங்கள் கிளப்பில் எண்பதைத் தொட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். இந்த ரக விமானங்களை அந்தக் காலத்திலேயே பறக்கவிட்டவர். அவரிடம் எடுத்துப் போனேன். அவர் வாலையும் பார்க்கவில்லை, பெயின்ட்டையும் பார்க்கவில்லை. டேங்க் மூடியைக் கழற்றி உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு எஞ்சினைத் தாங்கும் பிளைவுட் தடுப்புக்கு, அதை நாங்கள் ஃபயர்வால் என்போம், பின்னால் இருந்த பால்சா என்னும் லேசான மரக்கட்டையில் நகத்தை அழுத்தினார். ஊறின ரொட்டி மாதிரி நகம் உள்ளே போனது. விரலை எடுத்துக் காட்டினார். பளபளவென்று எண்ணெய்.

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். எஞ்சினைத் திருகிய துளைகள் வழியாகவும், கசிந்த டேங்க் வழியாகவும் எண்ணெய் கட்டைக்குள் போய்க்கொண்டே இருக்கும். மெத்தனால் ஆவியாகிவிடும், விளக்கெண்ணெய் போகாது. பால்சா பஞ்சு மாதிரி, எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். எண்ணெய் குடித்த கட்டையில் எபாக்ஸி பசை பிடிக்காது. கட்டை பலம் இழக்கும், எடை மட்டும் கூடும். கட்டி முடித்த புதிதிலேயே உள்பக்கம் எபாக்ஸி பூசி அடைத்திருந்தால் இது வந்திருக்காது. எனக்கு விற்ற விமானத்தில் உள்ளே பூசவில்லை, வெளியே மட்டும் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஃபயர்வால் தனியாக ஆடியது. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் புரொபெல்லர் அந்தப் பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தால்? முன்னால் குனிந்து நிற்பது நான்தானே.

அப்புறம் அந்த வீடியோ. எஞ்சின் இத்தாலிய ராஸி, 61 அளவு (அதே 10 சிசிதான்), ஏபிசி வகை. விற்றவர் ஒரு விரலால் புரொபெல்லரைச் சுற்றிக் காட்டி, ‘பாருங்கள், எவ்வளவு லேசாக ஓடுகிறது’ என்று சொல்லியிருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பெரியவர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏபிசி என்றால் அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை உருளை. அந்த உருளை மேலே போகப் போகக் குறுகும். ஆறிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடித்து, கிறீச்சென்று சத்தம் போட்டுத்தான் நகர வேண்டும். சூடானால் உருளை விரிந்து சரியான இடைவெளி வரும். ஆறிய எஞ்சின் மின்விசிறி மாதிரிச் சுற்றினால் அது தேய்ந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் எதைப் பார்த்து மயங்கினேனோ அதுவே வாக்குமூலம். (பிளக்கைக் கழற்றிவிட்டும் இப்படி லேசாகச் சுற்றிக் காட்டுவார்கள், அதையும் கவனியுங்கள்.)

இனாமாகக் கொடுத்த ரேடியோ செட்டைப் பற்றி ஒரே வரி: இந்த நாட்டில் இப்போது பறக்கவிட அனுமதி இல்லாத பழைய அகல அலைவரிசை செட், உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். ‘நான் அனுப்பும்போது நன்றாக இருந்தது, வழியில் ஏதாவது ஆகியிருக்கும்’ என்றார். வழியில் பெட்டி விழுந்தால் வால் உடையலாம். கட்டை எண்ணெய் குடிக்குமா? அதைக் கேட்டேன். பதில் இல்லை. அப்பா கதைகூட உண்மையா என்று இப்போது சந்தேகம். பணம் அனுப்பிய நிறுவனத்திடம் பணம் போன வழியைச் சொன்னதும், புகாரை எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

இப்போது நான் யாரிடம் வாங்கினாலும், தராசின் மேல் விமானம் இருக்கும் படம், பின்னாலிருந்து ஒரு படம், டேங்க் மூடியைத் திறந்து விளக்கடித்து எடுத்த படம், பிளக் மாட்டிய ஆறிய எஞ்சினைச் சுற்றும் வீடியோ இவ்வளவும் கேட்கிறேன். உண்மையாகவே விற்க வந்தவர்கள் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. அதுவும் பதில்தான்.

அதே ஆள் போன வாரம் ஜோ பிரிடி வடிவமைத்த ‘கேயாஸ்’ விமானம் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். புது பெயின்ட். எஞ்சின் லேசாகச் சுற்றுகிறதாம். இந்தத் தடவை காலமானது மாமாவாம். ஒஹாயோ, இண்டியானா பக்கம் யாராவது பழைய விமானம் வாங்குவதாக இருந்தால் பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். தராசு காரிலேயே கிடக்கிறது.