பொம்மசந்திரா கிளைக்கன் டெஸ்டிங் லேப்: ஆன்டிபாடி அனுப்பறவங்களுக்கு

பெங்களூர் பயோடெக் கம்பெனிகள்ல இருக்கற நம்ம ஆளுங்க மருந்தா தயாரிக்கற ஆன்டிபாடி புரதத்தோட சர்க்கரை (கிளைக்கன்) டெஸ்ட் எங்க குடுக்கறதுன்னு அடிக்கடி கேக்கறாங்க, நாங்க பொம்மசந்திரால ஒரு சின்ன லேப்ல குடுக்கறோம், அத பத்தி தான் இது.

ஐஜிஜி வகை ஆன்டிபாடியோட ரெண்டு ஹெவி செயின்லயும் (பெரிய புரத இழை) 297ஆவது இடத்துல இருக்கற அஸ்பராஜின்ங்கற அமினோ அமிலத்துல ஒரு சர்க்கரை சங்கிலி இருக்கும். மொத்த எடைல 2, 3 சதவீதம் தான், ஆனா அந்த ரெண்டு செயின்லயும் சிஹெச்2ன்னு சொல்ற பகுதிகளுக்கு நடுவுல ஆப்பு வச்ச மாதிரி உக்காந்து வடிவத்த புடிச்சு வச்சிருக்கறது அது தான். அத வெட்டி எடுத்துட்டா சிஹெச்2 தளந்துடும், குறைஞ்ச சூட்டுலயே குலையும், இம்யூன் செல்லோட ரிசெப்டர்லயும் சரியா ஒட்டாது. அந்த சங்கிலில இருக்கற ஃபியூகோஸ்ங்கற சர்க்கரையோட கதை இன்னும் பிரமாதம், அந்த ஒரு சர்க்கரை மட்டும் இல்லன்னா ஆன்டிபாடி இம்யூன் செல் மேல இருக்கற எஃப்சி காமா 3ஏ ரிசெப்டர்ல 50 மடங்கு வரைக்கும் இறுக்கமா ஒட்டும், ஏன்னா ரிசெப்டர் மேலயும் ஒரு சர்க்கரை இருக்கு, ஃபியூகோஸ் குறுக்க நின்னா ரெண்டும் நெருங்க முடியாது. 2013ல அமெரிக்கால அனுமதி வாங்கின ஒபினுடுசுமாப்ங்கற ரத்தப் புற்றுநோய் ஆன்டிபாடி மருந்துல ஃபியூகோஸ குறைச்சது இதுக்காக தான்.

லேப்ல பிஎன்ஜிஏஸ் எஃப்ங்கற என்சைம் போட்டு சர்க்கரைய வெட்டி, 2-ஏபிங்கற ஒளிரும் சாயம் ஏத்தி, சர்க்கரைகள தனித்தனியா பிரிக்கற ஹிலிக் காலம்ல ஓட்டறாங்க. நிறைய இடத்துல இதான். ஆனா இங்க ரிப்போர்ட் வரதுக்கு முன்னாடியே சேலத்துக்கார அக்கா ஒருத்தங்க போன் பண்ணி, "தம்பி, இந்த பீக்க (கிராஃப்ல வர மேடு) அப்படியே நம்பாதீங்க, மேன்னோஸ்-5உம் ஃபியூகோஸ் இல்லாத ஜி1உம், ரெண்டும் வேற வேற சர்க்கரை சங்கிலி, ஒட்டி ஒட்டி வருது, மாஸ் ஸ்பெக்ல (மூலக்கூறு எடை அளக்கற மெஷின்) பாத்துட்டு பிரிச்சு தரேன்"னாங்க. இது சின்ன விஷயம் இல்லங்க, மேன்னோஸ்-5 அதிகமானா மருந்து ரத்தத்துலேந்து சீக்கிரம் காலியாகும், அத ஜி1னு எழுதிட்டா நாம செல் கல்ச்சர்ல வேற எதையோ மாத்திட்டு இருப்போம். முன்னாடி குடுத்த இன்னொரு இடத்துல வெறும் சதவீத டேபிள் தான், குரோமட்டோகிராம் (பீக் எல்லாம் தெரியற அந்த கிராஃப்) கேட்டா கூட தரல.

குறைன்னா, ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வராது, விலையும் கொஞ்சம் ஜாஸ்தி. சனிக்கிழமை சாம்பிள் வாங்க ஆள் கிடையாது, அதனால வெள்ளிக்கிழமை டிரை ஐஸ் போட்டு அனுப்பாதீங்க, சில்க் போர்டு டிராஃபிக் வேற. மாஸ் ஸ்பெக் வேணும்னா கொட்டேஷன் கேக்கும்போதே சொல்லிடுங்க, அப்புறம் சேத்தா தனி சார்ஜ்.