தேதி பார்த்துப் படிக்க வேண்டிய விதிப் புத்தகம்

அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் லேபிள் சரிபார்ப்பது என் வேலை. இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம் என்று எது கப்பலேறினாலும் பாக்கெட்டின் பின்பக்கம் அந்நாட்டு விதிகளோடு ஒத்துப்போக வேண்டும். அந்த விதிகளுக்காக 2016 முதல் நான் நாள்தோறும் திறப்பது இ-சி.எஃப்.ஆர். தளம், அதாவது ஃபெடரல் விதித் தொகுப்பின் இணையப் பதிப்பு. அமெரிக்க ஃபெடரல் துறைகளின் நிலையான விதிகள் 50 டைட்டில்களாக (பெரும் தலைப்புகளாக) அதில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. உணவும் மருந்தும் 21ஆம் டைட்டில்.

வேலையில் சேர்ந்தபோது என் மேசையில் இருந்தது அச்சுப் புத்தகம். 21ஆம் டைட்டிலுக்கு ஆண்டுக்கொரு பதிப்பு, ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரப்படி. 2016 மே 27 அன்று ஊட்டச்சத்து அட்டவணையை அடியோடு மாற்றும் விதி, புதிய விதிகளை அறிவிக்கும் அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியானது: 81ஆம் தொகுதி, 33742ஆம் பக்கம். புத்தகத்தில் அதன் சுவடே இல்லை. அப்போதுதான் இணையப் பதிப்புக்கு மாறினேன். ஜூலை 26 அன்று விதி அமலுக்கு வந்ததும் ஊட்டச்சத்து லேபிளுக்கான 101.9 பிரிவில் புதிய வாசகம் ஏறியிருந்தது. உடனே குடோனில் இருந்த பழைய கவர்களை எடைக்குப் போடச் சொன்னேன்.

அது தவறு. அமலுக்கு வரும் தேதி வேறு, கடைப்பிடிக்க வேண்டிய கெடு வேறு. கெடு, ரெஜிஸ்டரில் வந்த அறிவிப்பின் முன்னுரையில் இருந்தது. தொகுப்பில் முன்னுரை ஏறாது. பெரிய நிறுவனங்களுக்கு முதலில் 2018 ஜூலை 26 வரையும், சிறியவற்றுக்கு மேலும் ஓராண்டும் இருந்தன. பிறகு அவை 2020 ஜனவரி 1, 2021 ஜனவரி 1 என்று தள்ளிப்போயின. நல்ல கவர்கள் வீணாயின. அன்றிலிருந்து தொகுப்பில் ஒரு மாற்றத்தைக் கண்டால், அதைக் கொண்டுவந்த மூல அறிவிப்பைப் படிக்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

ரெஜிஸ்டர் பிறந்த கதையும் இதே மாதிரி ஒரு கோளாறுதான். 1930களில் பெட்ரோலிய விதி ஒன்றை மீறியதாக அரசு வழக்குப் போட்டது. அந்த வாசகம் ஒரு திருத்தத்தில் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. விதிகளை ஒரே இதழில் வெளியிட வேண்டும் என்று 1935இல் சட்டம் வந்தது. 1936 மார்ச் 14 அன்று முதல் இதழ் வெளியானது.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு தேதிகளைக் கொடுத்தால் பழைய வாசகத்தையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி. 2017 ஜனவரி வரை பின்னோக்கிப் போகலாம். எந்தப் பகுதி மாறினாலும் மின்னஞ்சல் வரும்படி பதிந்துகொள்ளலாம். குறை என்றால், பிரிவின் அடியில் தரப்படும் ரெஜிஸ்டர் தொகுதி, பக்க எண்கள். பலமுறை திருத்தப்பட்ட பிரிவுகளில் சில சமயம் முழு வரலாறும் இருக்காது. வேறு பட்டியலைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு மட்டும் நிற்கும். ஒரு மாலை முழுக்க அதிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எள் 2023 ஜனவரி 1 முதல் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிடப்பட வேண்டியதானது. இட்லிப் பொடி விற்பவருக்கு இதைவிடப் பெரிய செய்தி ஏது? ஆனால் அது 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கொண்டுவந்த மாற்றம், துறை போட்ட விதியல்ல. விதித் தொகுப்பை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது. சிவப்பு 3 நிறமி வேறு மாதிரி: உணவில் அதற்கான அனுமதியை ரத்து செய்யும் துறை ஆணை 2025 ஜனவரியில் வெளியானது, அமலாவது 2027 ஜனவரி 15 அன்று.

வாஷிங்டனில் காலை 8.45க்கு, ரெஜிஸ்டரில் இனி வெளியாகவிருக்கும் அறிவிப்புகளைப் பொதுப் பார்வைக்கு வைக்கிறார்கள். நமக்கு அது மாலை 6.15, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.15. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.