நேரக் கணக்கு மென்பொருள்: 'பிரவுசர் இருந்தால் போதும்' என்ற ஒரு வரி

தல்லாகுளத்தில் ஆடிட்டர் அலுவலகம் நடத்தும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "உங்கள் அச்சகத்தில் வேலை நேரம் குறிக்க ஒன்று வைத்திருக்கிறீர்களே, எங்கள் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுமா?" இரண்டு ஆண்டுகளாக நான்கு கம்ப்யூட்டர்களில் அதைப் பயன்படுத்துகிறோம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கும் எழுதுகிறேன்.

விற்கும்போது "எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரும் இணையமும் போதும்" என்றார்கள். எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டிசைன் மேசையில் இருந்தது விண்டோஸ் 7. அதில் குரோம் பிரவுசர் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023க்குப் பிறகு வந்த புதிய குரோம் எதுவும் அதில் ஏறாது. ஒருநாள் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுநாள் காலை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் வெள்ளைத் திரை; புதுப்பித்ததைப் பழைய குரோமால் காட்ட முடியவில்லை. உதவிக்குப் பேசியவர் மூன்று நாள் "உங்கள் இணையம் மெதுவாக இருக்கிறது" என்றே சொன்னார். அதே இணையத்தில் பக்கத்து மேசையில் நொடியில் திறந்தது!

முன்மேசைக் கம்ப்யூட்டரின் கதை வேறு. மின்சாரம் போய் வந்தால் தேதி 2009க்குப் போய்விடும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. பிரவுசர் எச்சரிக்கை காட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாதபோதும் தேதியை ஓடவைக்க மதர்போர்டில் இருக்கும் ஒற்றை ரூபாய் அளவு சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம்.

ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். வேலை தொடங்கிய நேரம் எங்கள் கம்ப்யூட்டரில் அல்ல, மென்பொருள்காரர்களின் சர்வரில் பதிந்துவிடுகிறது. திரையில் ஓடும் எண் இப்போதைய நேரத்திலிருந்து அந்தத் தொடக்க நேரத்தைக் கழிக்கும் கணக்குத்தான். நடுவில் மின்சாரம் போனாலும் பையன்களின் ஒரு நிமிடம்கூடக் கணக்கில் விடுபடுவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் விடிய விடியப் போஸ்டர் வேலை நடக்கும். நோட்டில் எழுதிய காலத்தில் ஓவர்டைம் தகராறு இல்லாத சித்திரையே கிடையாது. இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. அதற்காகவே அடுத்த ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிட்டேன்.

ஆனாலும் நண்பரிடம் "இப்போது வாங்காதீர்கள்" என்றுதான் சொன்னேன். முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரவுசர் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் இணைய ஒயரைச் செருகும் முன் (இணையம் வந்தால் தேதி தானாகத் திருந்திவிடலாம்) தேதி சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு பேசுவோம் என்றேன்.