கரண்ட் வைத்த தாடை, ஊசி போட்ட தாடை: மாத்திரையா, கத்தியா?

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு தாடைகள் கெட்டுப்போயின. பெரம்பூரில் அப்பா, நாக்குப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் சித்தி, மார்புப் புற்று எலும்புக்குப் பரவியதால் எலும்பு அரிக்காமல் இருக்க மாதாமாதம் 4 மில்லிகிராம் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி. இருவருக்கும் தெருமுனை கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். முன்பு என்ன வைத்தியம் நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழி மூடவேயில்லை. டார்ச் அடித்தால் ஈறு நடுவே சோற்றுப் பருக்கை நிறத்தில் எலும்பு தெரியும். வாயைத் திறந்தால் இருவருக்கும் ஒரே வாடை.

வாடை கிருமியுடையது. அப்பாவின் எலும்பைக் கொன்றது கிருமி இல்லை. கதிர்வீச்சு, காயம், கிருமி மூன்றும் சேர்ந்தால்தான் இது வரும் என்று முன்பு நினைத்தார்கள். 1983ல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் அதைத் திருப்பிப் போட்டார்: ரத்தக்குழாய் சுருங்கி எலும்பு முதலில் சாகிறது, கிருமி பிறகுதான் குடியேறுகிறது. 2003ல் ஊசியால் கெட்ட 36 தாடைகளைப் பற்றி எழுதியவரும் அவரே. ஊசியில் முடங்குவது, பழைய எலும்பை அரித்துப் புதுசுக்கு இடம்விடும் செல்கள். இதில் சீழ் பிடித்த பல்லே தொடக்கமாக இருக்கலாம் என்ற பேச்சும் உண்டு.

சித்தியின் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினோம். வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்தான் என்று வந்தது. பிறகு எலும்புத் துண்டின் பயாப்சியில் ஆக்டினோமைசஸ் தெரிந்தது. இரண்டு வகைத் தாடையிலும் அடிக்கடி அகப்படும் கிருமி அது. காற்றுப் பட்டால் சரியாக வளராது. லேபில் தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும்.

முதலில் மாத்திரை. அமாக்ஸிசிலின் ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் வீக்கம் வடியும், வாடை குறையும். நிறுத்தினால் திரும்பிவிடும். மருந்து போவது ரத்தத்தில். செத்த எலும்பில் ரத்தம் ஏது? மூன்று மாதம் இப்படியே போனது.

சித்திக்குக் கத்திதான் சரி என்று அப்புறம் புரிந்தது. செத்ததைச் சுரண்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ரத்தம் கசிகிற நல்ல எலும்பு வரும். அங்கே நிறுத்தி, ஓரத்தை மழுக்கி, ஈறை இழுத்துத் தைத்தார்கள். மூடிக்கொண்டது.

அதே கத்தியை அப்பாவிடம் வைக்க டாக்டர் தயங்கினார். அக்கம்பக்கத்து எலும்பும் கரண்ட் பட்டதுதானே. வெட்டிய இடமே அடுத்த புண்ணாகலாம். ரொம்ப முற்றினால் கால் எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்துவந்து வைக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த நிலை வரவில்லை. ரத்த ஓட்டத்துக்குப் பென்டாக்ஸிஃபைலின், வைட்டமின் ஈ, சீழ் வரும்போது மட்டும் ஆன்டிபயாடிக், தினம் சிரிஞ்சில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியைப் பீய்ச்சிக் கழுவுவது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வைத்தியம்.

அழுத்தம் கூட்டிய பிராணவாயு அறையில் 30 முறை உட்கார வைக்கச் சொன்ன உறவினர்களும் இருந்தார்கள். கரண்ட் பட்டவருக்குப் பல் பிடுங்கும்போது தாடை சாகாமல் தடுக்க அது பென்சிலினைவிட மேல் என்றது மார்க்ஸின் 1985 ஆய்வு: தாடை செத்தது அறைக்குப் போனவர்களில் 5.4 சதவீதம், பென்சிலின் எடுத்தவர்களில் 29.9 சதவீதம். பிரிட்டனில் நடந்து 2019ல் வெளியான ஆய்வில் அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதம், போகாதவர்களில் 5.7 சதவீதம்; வித்தியாசமே இல்லை. பல் போய்விட்ட பிறகு அந்தக் கணக்கை நம்பிப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. கரண்டுக்கு இரண்டு வாரம் முன்பே கெட்ட பல்லை எடுத்திருக்கலாம். கோட்டை ஸ்டேஷன் எதிரிலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

ஏழாம் மாதம் ஒரு காலை, அப்பா கொப்பளிக்கும்போது வாஷ்பேசினில் 'டிக்'கென்று ஏதோ விழுந்தது. துவரம்பருப்பு அளவு, பழுப்பு நிறம், ஒரு பக்கம் அரித்திருந்தது. காலி மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப்போனோம். புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் அதையும் பயாப்சிக்கு அனுப்பினார். புற்று இல்லை. குழி மூடத் தொடங்கியிருந்தது.