நாகர்கோவிலில் பத்தி எழுத: சம்பளத்தில் சேர்வதா, வெளியிலிருந்து எழுதுவதா?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு நாளிதழில் ஊர்ப் பத்தி எழுத விரும்புகிறவருக்கு இரண்டு வழி உண்டு. நிருபராகவோ உதவி ஆசிரியராகவோ சம்பளத்துக்குச் சேர்ந்து, செய்தி வேலையோடு வாரம் ஒரு பத்தி எழுதலாம். அல்லது வேறு வருமானத்தை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மாதச் சம்பளம், பி.எஃப்., அடையாள அட்டை எல்லாம் உள்ளே இருப்பவருக்கு. வெளியே இருப்பவர் பத்திப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

எல்லை மாவட்டத்துக்கென்று ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் அது திருவனந்தபுரம் நிருபரின் பகுதி. ஆனால் நம் ஊர்ப் பிரச்சினைகள் பலவற்றுக்கு விடை அங்கேதான் கிடக்கிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. விளவங்கோடு பகுதியில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தந்த கால்வாய் அது. இங்குள்ள நீர்வளத் துறையை மட்டும் கேட்டு எழுதினால் பாதிக் கதைதான் வரும். தக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையும் கேரள அரசின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு மாநிலத்துக்கும் தகவல் அறியும் உரிமை மனு போட வேண்டிவரும். கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் கேரளத்தில் செல்லாது. பதிலுக்கு 30 நாள் அவகாசம். அன்றாடம் செய்தி கொடுத்தாக வேண்டிய நிருபருக்கு அந்தப் பொறுமைக்கு இடமில்லை. வெளியிலிருந்து எழுதுபவர் மனுவைப் போட்டுவிட்டு வேறு பத்தி எழுதிக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் மேலாக, என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது மறுபதிப்பு உரிமை. நாளிதழ்ப் பத்தி மறுநாளே பழைய பேப்பர். ஐம்பது, அறுபது சேர்ந்து நூலாகும்போதுதான் அது நிலைக்கிறது. அப்போது அது யாருடையது?

சம்பளத்துக்கு எழுதியதெல்லாம் முதலாளிக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நாளிதழிலும் பருவ இதழிலும் வெளியிடும் உரிமைதான் பத்திரிகை உரிமையாளருக்கு. நூலாக்குவது உட்பட மற்ற உரிமைகள் எழுதியவருக்கு. சிக்கல் "வேறு ஒப்பந்தம்" என்பதில் இருக்கிறது. பணிக்காலத்தில் எழுதும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்று பணி உத்தரவில் ஒரு வரி இருந்தால், சட்டம் கொடுத்தது கையெழுத்தோடு போய்விடும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியைப் படிப்பவர் குறைவு. படித்தாலும், புதிதாகச் சேரும் நிருபர் அதை நீக்கச் சொல்ல முடியுமா?

வெளியிலிருந்து எழுதினால் முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை மாற்றிக் கொடுக்க உங்கள் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். எனவே முதல் பத்தி அச்சேறும் முன்பே ஒரு பக்கக் கடிதம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியது இது: நாளிதழிலும் அதன் இணையதளத்திலும் முதலில் வெளியிடும் உரிமை மட்டும் நிறுவனத்துக்கு; 90 நாளுக்குப் பின் நூலாகவோ மொழிபெயர்ப்பாகவோ வெளியிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்தியின் பெயரையும் கடிதத்தில் சேருங்கள். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்கள் நிறுத்தியபின் அதே பெயரில் வேறொருவரை எழுதவைத்தால் சட்டம் பெரிதாக உதவாது.

உரிமை இருந்தும் பிரதி இல்லையென்றால் பயனில்லை. யூனிகோடில் அனுப்பும் காப்பியைப் பக்கம் கட்டும் இடத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஸ்ரீ, க்ஷ போன்றவை உடைந்துவிடும். இடம் போதாவிட்டால் கடைசிப் பாராக்கள் வெட்டுப்படும். அதனால் நூலுக்கு உங்கள் மூலக் கோப்பே ஆதாரம். வெளியான பக்கத்தின் பி.டி.எஃப்.பை அன்றே எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

உள்ளே இருப்பவருக்கு உண்மையான பலம் வழக்கு வரும்போதுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஊழியர் என்றால் பெரும்பாலும் நிர்வாகத்தின் வக்கீலே பார்த்துக்கொள்வார். வெளியாளுக்கு அந்தச் செலவு யாருடையது என்பதும் அதே கடிதத்தில் வர வேண்டும். இந்தப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. வாசகத்தை வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிவில் வழக்குக்குக் கெடு 1 ஆண்டு, குற்றப் புகாருக்கு 3 ஆண்டு. குறிப்பேடு, மனுவுக்கு வந்த பதில், பேச்சுப் பதிவு எல்லாவற்றையும் குறைந்தது 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.