தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரே பெட்டி: ஏழு வருடம் தட்டிய பிறகு

அக்கா மகளின் தோழி நேற்று போன் செய்தாள். தமிழ்-இந்தி மொழிபெயர்ப்பு பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். "மாமா, நீங்க எதுல டைப் பண்றீங்க? நானும் அதையே போட்டுக்கட்டுமா?" என்றாள். ஏழு வருடமாக என் பிழைப்பே அதில்தான். ஆனாலும் சட்டென்று ஆமாம் சொல்ல வாய் வரவில்லை.

லிப்ரெஆபிஸ் ரைட்டர், லினக்ஸ் போட்டால் கூடவே வரும் இலவச எழுதும் மென்பொருள்தான். மற்ற வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. எழுத்துரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மொழிகளை அது மூன்று பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்றவை ஒன்றில், சீனம், ஜப்பான், கொரிய மொழிகள் இன்னொன்றில். தமிழ், மலையாளம், இந்தி, அரபி எல்லாம் சிடிஎல் (சிக்கலான எழுத்தமைப்பு கொண்ட மொழிகள்) என்ற மூன்றாவது பெட்டியில். பெட்டிக்கு ஒரு எழுத்துருதான். என் கணினியில் முதல்நாள் அதில் இருந்தது இந்திக்கான ஒரு தேவநாகரி எழுத்துரு. தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது. நாம் தட்டும் தமிழை வேறு ஏதோ எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டும். மேலே பெயர் மட்டும் தேவநாகரியாகவே நிற்கும்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. தெரியாமல் தடுமாறியது பல மாதம். எண்களுக்கென்று தனிப் பெட்டி இல்லை, முன்னால் இருக்கும் சொல்லின் பெட்டிக்குள் போய்விடும். 'பக்கம் 112' என்றால் எண் தமிழ் எழுத்துருவில், ஆங்கில ஆசிரியர் பெயருக்குப் பின் 1956 என்றால் ஆங்கில எழுத்துருவில். ஒரே வரியில் இரண்டு உயரத்தில் எண்கள். ஆங்கிலத்துக்கு நோட்டோ செரிஃப், தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று ஒரே குடும்பத்தில் வைத்த பிறகுதான் கண் உறுத்தாமல் ஆனது.

இந்தப் பெட்டிப் பிரிப்பால் நன்மையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அளவும் தடிமனும் பெட்டிக்குப் பெட்டி தனி. 12 புள்ளி ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் 12 புள்ளி தமிழ் பருத்துத் தெரியும். தமிழை மட்டும் 10.5 ஆக்கினால் பக்கம் அப்படியே அடங்கி உட்காரும். தலைப்பில் தடித்த தமிழின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தைத் தடிப்பாக்கி, தமிழைச் சற்றுப் பெரிதாக்கி விடுவேன். பாணியில் (ஸ்டைல்) ஒருமுறை அமைத்தால் முந்நூறு பக்கத்துக்கும் கவலையில்லை. இந்த ஒன்றுக்காகவே இதைக் கொண்டாடியிருக்கிறேன்.

பிறகு அக்கா மகளின் ஆய்வேடு வந்தது. நாகர்கோவில்காரி, தமிழ்-மலையாள நாட்டார் பாடல்களை ஒப்பிட்டு எழுதினாள். பக்கத்துக்கு நாலைந்து மலையாள மேற்கோள். இரண்டு மொழியும் ஒரே பெட்டி. தமிழ் எழுத்துருவை வைத்தால் மலையாளம் அநாதை. என் கணினி அதற்குப் பழைய வடிவ எழுத்துரு ஒன்றை எடுத்துக்கொண்டது, உகரம் மெய்யோடு பிணைந்து நிற்கும். அச்சுக்கடையின் கணினியோ 1971 மலையாள எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய, உகரம் பிரிந்து நிற்கும் எழுத்துருவை எடுத்தது. 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' திடீரென்று நம் பக்கத்தில் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. வரிகள் நகர்ந்து 214 பக்கம் 221 ஆனது. பொருளடக்கத்தில் 87 என்று இருந்த இயல் உள்ளே 91இல் தொடங்கியது. பிள்ளை அச்சுக்கடையிலேயே அழுதுவிட்டாள்.

அன்றிரவு மலையாளத்துக்கென்று ஓர் எழுத்துப் பாணி உருவாக்கி, ரச்சனா என்ற பழைய வடிவ எழுத்துருவைக் கொடுத்து, மேற்கோள் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டேன். விடிந்துவிட்டது. எழுத்துருக்களைப் பதித்து பி.டி.எஃப் ஆக்கித்தான் கடைக்குக் கொடுத்தேன். இப்போதும் யாருக்கும் வேறு வடிவில் கோப்பு கொடுப்பதில்லை.

எனக்கு ஆறாதது இதுதான். யூனிகோடில் தமிழுக்கு 128 இடம் கொண்ட தனித் தொகுதி, மலையாளத்துக்கும் அப்படியே தனி. தட்டும் எழுத்து எந்த மொழியுடையது என்று மென்பொருளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கொம்பையும் காலையும் சரியாகச் சேர்த்து 'கொ' போட முடியுமா? அதே அறிவைக் கொண்டு, எழுத்துமுறைக்கு ஒன்றாக எழுத்துருவைக் குறித்துவைக்க ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். தமிழுக்கு இது, மலையாளத்துக்கு இது, இந்திக்கு இது என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்றே சொல்லப்போகிறேன். தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லியிருப்பேன். பக்கத்துக்குப் பக்கம் இந்தி வரும் என்கிறாள். கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் மென்பொருளில் மொழிக்கு ஓர் எழுத்துரு என்று தொடக்கத்திலேயே எழுதிவைக்கலாம். பழக இரண்டு மாதமாவது ஆகும். அவளுக்குச் சமர்ப்பிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. நான் நாளைக் காலை வழக்கம்போல ரைட்டரைத்தான் திறப்பேன், ஒரு கல்யாண மலர் பாதியில் நிற்கிறது.