கணக்கில் புது நம்பர், கார்ட்டில் பழைய நம்பர்: ஒன்லைனில் காசு கட்டுபவர்கள் கவனிக்க

வங்கியில் போன் நம்பரை மாற்றியாயிற்று, இனிப் பிரச்சினை இல்லை என்று இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். உங்கள் நம்பர் சேமிப்புக் கணக்கில் மட்டும் மாறியிருக்கலாம். கார்ட்டுக்கான பதிவில் பழைய நம்பர் அப்படியே கிடக்கலாம். அப்படி இருந்தால், ஒன்லைனில் காசு கட்டும்போது வரவேண்டிய ஓடிபி (ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம்) அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும். எனக்கு நடந்தது இதுதான். நட்டம் என் தங்கச்சிக்கு.

வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை. அதைவிட, ஒரு வங்கியின் பெயரைப் போட்டால் மற்ற வங்கிகளில் கார்ட் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு இல்லை" என்று கடந்து போய்விடுவார்கள்.

முந்தைய வேலையில் கம்பனி தந்த நம்பரைத்தான் பல வருடமாக எல்லா இடத்திலும் கொடுத்திருந்தேன். வேலையை விடும்போது அந்த சிம்மைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பே வெள்ளவத்தையில் உள்ள கிளைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, தொடர்பு விபரங்களை மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். என் பெயரிலுள்ள எல்லாக் கணக்குகளுக்கும் கார்ட்டுகளுக்கும் என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டிருக்கிறேன். அது என் பிரதியில் தெளிவாகத் தெரிகிறது. கீழே கிளையின் திகதி முத்திரை, அதன்மேல் உத்தியோகத்தரின் சின்னக் கையொப்பம். பிரதி தரும் வழக்கம் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இன்று என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் இருந்தது. காலி வீதியில் ஏடிஎம்மில் காசு எடுத்தால் புது நம்பருக்கு மெசேஜ் வரும். சம்பளம் விழுந்தாலும் வரும். டாக்சிக்கும் சாப்பாட்டு ஓடருக்கும் கார்ட்டில் காசு போய்க்கொண்டே இருந்தது, ஓடிபி கேட்கவே இல்லை. அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. ஒன்லைன் கார்ட் பாதுகாப்புக்கு இப்போது பயன்படும் 3டி செக்கியூர் முறையின் இரண்டாவது பதிப்பு 2016இல் வெளியானது. பழைய முதல் பதிப்பை விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 ஒக்டோபரில் நிறுத்திவிட்டன. புதிய முறையில், எந்தக் கருவி, எவ்வளவு தொகை, வழக்கமான கடையா என்பதையெல்லாம் வங்கிப் பக்கம் பார்த்து, ஆபத்துக் குறைவு என்று பட்டால் எதுவும் கேட்காமலே விட்டுவிடும். பெரிய தொகை, வெளிநாட்டு நிறுவனம், புது இடம் என்றால்தான் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். ஆகவே பழைய நம்பர் உள்ளே இருப்பது மாதக்கணக்கில் வெளியே தெரியாது. அவசரமான நாளில்தான் தெரியும்.

எங்களுக்கு அந்த நாள் தங்கச்சியின் ஏசிசிஏ (லண்டன் கணக்கியல் படிப்பு) பரீட்சைக் கட்டணத்தோடு வந்தது. முந்தைய பரீட்சையின் ரிசல்ட் வந்த பிறகுதான் அடுத்த பாடத்தைத் தீர்மானிக்க முடியும். ரிசல்ட் வந்து, பாடத்தைத் தெரிவுசெய்து, என் சம்பளமும் வந்த பிறகு கட்ட உட்கார்ந்தோம். ஏசிசிஏ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத் தெரியும்: சாதாரண முடிவுத் திகதியைத் தவறவிட்டால் அடுத்தது தாமதக் கட்டணம், அது பல பாடங்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் பவுணில். லண்டனில் நள்ளிரவு என்றால் கோடை காலத்தில் நமக்கு விடிகாலை நான்கரை மணி. நேரம் இருக்கிறது என்று ஆறுதலாகத்தான் தொடங்கினோம்.

கார்ட் இலக்கம் கொடுத்ததும் வங்கியின் பக்கம் திறந்தது. "உங்கள் பதிவுசெய்யப்பட்ட இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது" என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக நட்சத்திரக் குறிகள், கடைசியில் மூன்று இலக்கங்கள். தங்கச்சி என் போனைக் கையில் வைத்துக்கொண்டு மெசேஜுக்குக் காத்திருந்தாள். நான் அந்த மூன்று இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை திருப்பிக் கொடுத்த கம்பனி சிம்மினுடையவை.

அந்த சிம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விற்பனைப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன், போன் அணைத்திருந்தது. அலுவலக போன், இரவில் லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அத்தானின் கார்ட்டைக் கேட்டு வாங்கி முயன்றோம். அதில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறக்கப்படவில்லை, ஏற்கவில்லை.

வங்கியின் அவசர இலக்கத்தில் பேசியது தனிக் கதை. வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, கடைசியாகச் செய்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் கேட்டு, நான்தான் என்று ஏற்றுக்கொண்டார். பிறகு, போனில் நம்பரை மாற்ற முடியாது என்றார். அதில் எனக்குக் கோபம் இல்லை. போனிலேயே மாற்றித் தந்தால் எந்தத் திருடனும் என் பெயரைச் சொல்லி மாற்றிவிடுவானே. ஆனால் அடுத்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "மிஸ், நீங்கள் எங்கட அப்பில மாத்தலாம். மாத்துறதுக்கு உங்கட பதிவு செய்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும்." அந்த நம்பர்தான் என்னிடம் இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும், பதில் அதே வசனம்தான். மேலதிகாரியைக் கேட்டேன். காலையில் கிளைக்குப் போகச் சொன்னார்கள். நான்கரையும் தாண்டியது.

காலையில் அந்த சிம் வைத்திருக்கும் தம்பியே எடுத்தார். "அக்கா, ராத்திரி முழுக்க உங்கட பேங்க் மெசேஜ் வந்திருக்கு, ஏதும் பிரச்சினையா?" நல்ல பிள்ளை, அக்கறையோடு கேட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மெசேஜில் கார்ட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு தொகை, கூடவே ஓடிபி. எல்லாம் இன்னொருவர் கையில். அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது என் அதிர்ஷ்டம். ரீலோட் செய்யாமல் விட்ட முற்கொடுப்பனவு சிம் என்றால், கொஞ்சக் காலத்தில் அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கப்பட்டிருக்கும்.

கிளையில் உத்தியோகத்தர் திரையைத் திருப்பியே காட்டினார். "எங்கட சிஸ்டத்தில சரியாத்தானே மிஸ் இருக்கு." உண்மை, என் புது நம்பர்தான் இருந்தது. ஓடிபி பக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டிய பிறகுதான் கார்ட் பிரிவுக்கு எடுத்துக் கேட்டார். அங்கே பழைய நம்பர். கணக்குக்கு ஒரு சிஸ்டம், கார்ட்டுக்கு வேறு சிஸ்டம், கார்ட்டுக்குத் தனிப் படிவம் தந்திருக்க வேண்டும் என்றார். முத்திரை குத்திய பிரதியை மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகாமையாளரைக் கூப்பிட்டார். முகாமையாளர் மன்னிப்புக் கேட்டார், அதை நான் மறுக்கவில்லை. தாமதக் கட்டணத்தின் வித்தியாசத்தை யார் தருவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எழுத்தில் கேட்டதற்கு வந்த கடிதத்தில் "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரிதான் இருந்தது. நான் நிரப்பிய படிவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பலர் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. ஓடிபி வரவில்லை என்றதும் கடையின் இணையத்தளத்தில் உள்ள தங்கள் நம்பரை மாற்றிப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. கடை உங்கள் கார்ட் விபரத்தை விசா அல்லது மாஸ்டர்கார்ட் வழியாகக் கார்ட் தந்த வங்கிக்கு அனுப்புகிறது. ஓடிபியை அனுப்புவது அந்த வங்கி. தன் கார்ட் பதிவில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான் அனுப்பும். சில வங்கிகள் மின்னஞ்சலுக்கும் அனுப்பும். பழைய அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அதுவும் இதே கதைதான். ஓடிபி வராத நேரத்தில் எதையாவது அடித்துப் பார்க்கவும் வேண்டாம், பிழையாகத் திரும்பத் திரும்ப அடித்தால் கார்ட் பூட்டப்படலாம்.

ஆகவே அவசரம் இல்லாத ஒரு நாளில் இதைச் சோதித்துவிடுங்கள். ஓடிபி கேட்கும் என்று தெரிந்த இடத்தில் ஒரு சின்னத் தொகையைக் கட்டப் போய், அந்தப் பக்கத்தில் தெரியும் கடைசி இலக்கங்கள் உங்களுடையவையா என்று பாருங்கள். கணக்குக்கான மெசேஜ் வருகிறது என்பதை நம்பி இருக்க வேண்டாம். நம்பர் மாற்றும்போது "கார்ட் பிரிவிலும் மாறிவிட்டதா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடனட்டை, டெபிட் கார்ட் இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முத்திரையோடு பிரதி வாங்காமல் கவுண்டரை விட்டு எழும்ப வேண்டாம். பழைய சிம்மைக் கைவிடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். கொழும்பில் அம்மா அப்பா தனியாக இருக்க, பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கிருந்து வரும்போது ஒருமுறை அவர்களின் கார்ட் எந்த நம்பரில் நிற்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் எப்போதோ எடுத்துக் கொடுத்து, பிறகு கைவிட்ட நம்பர்தான் பல இடத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "உங்கள் விபரங்களைப் புதுப்பிக்க வேண்டும், கார்ட் இலக்கத்தையும் இப்போது வரும் ஓடிபியையும் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவதுதான் மோசடிக்காரர்களின் வேலை. தபால் திணைக்களத்தின் பெயரில் பொதி வந்திருக்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று லிங்க் அனுப்பியும் கார்ட் விபரத்தை எடுக்கிறார்கள். நம்பரை மாற்ற நீங்கள்தான் வங்கிக்குப் போக வேண்டும், வங்கி உங்களைத் தேடி ஓடிபி கேட்டு வராது. ஓடிபியைச் சொல்லிவிட்டால் பிறகு வாதாடுவது மிகக் கஷ்டம். சரியான ஓடிபியோடு நடந்ததை நீங்களே செய்ததாகத்தான் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும்.

என்னைப் போல் ஏற்கெனவே அகப்பட்டவர்கள் வாய்ப்பேச்சோடு நிற்காமல் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. 2020இல் தொடங்கியது, தொலைபேசி 1935. நிதியியல் நுகர்வோரைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதிகளும் 2023இல் வந்துவிட்டன, ஆகவே கெஞ்ச வேண்டியதில்லை. வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். நான் படிவத்தின் பிரதி, ஓடிபி பக்கத்தின் படம், வங்கியின் கடிதம், தாமதக் கட்டணத்தின் பற்றுச்சீட்டு நான்கையும் இணைத்து மத்திய வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கச்சி தாமதக் கட்டணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டாள், படித்துக்கொண்டிருக்கிறாள். மத்திய வங்கியிலிருந்து பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.